சாக்லேட் செய்யத் தெரிந்த புருஷன்

சும்மா ஆடுமா சோழியன் குடுமி? வெந்நீர் வைக்கக்கூட அடுப்பைப் பற்றவைக்காத மனிதர், விடுமுறையின் முதல் நாள் காலையில் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து, இந்த வருடம் பிள்ளைகளோடு சேர்ந்து தானே சாக்லேட் செய்யப் போவதாகச் சொன்னால் எந்தப் பெண்டாட்டி நம்புவாள்? நான் நம்பவில்லை.

என் பிழைப்பும் அப்படி. ஒரு பெரிய துணிக்கடையின் வாசலில் நின்று, வெளியே போகிறவர்களின் பைகளைச் சோதிக்கிறவள் நான். முறைத்துக்கொண்டு போகிறவர்களை விட்டுவிடுவேன். சிரித்துக்கொண்டு வருகிறவர்களைத்தான் நிறுத்துவேன். அன்று காலை என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே வந்தார்.

அவர் பஸ் டிரைவர். விடியுமுன் யூனிபார்ம் போட்டுக்கொண்டு போவார், பொழுது சாய்ந்து வருவார். வருடக் கடைசியில் எங்கள் மாடிக் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு இனிப்பு கொடுத்துக்கொள்வோம். எங்கள் வீட்டில் அது சாக்லேட். நான்தான் உருக்கி ஊற்றுவேன். அது வெள்ளை பூத்து, கடித்தால் பல் ஆடுகிற மாதிரி வரும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மரியாதைக்கு வாங்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள்.

சந்தேகம் அன்று காலை முளைத்ததல்ல. முதலில் காலர். டிரைவர் சட்டையின் காலர் எப்படிக் கறுக்கும் என்று துவைக்கிற எனக்குத் தெரியாதா? பிரஷ் போட்டுத் தேய்த்தே என் விரல் தேய்ந்துபோயிற்று. இப்போது கொஞ்ச காலமாகக் காலர் கறுப்பதே இல்லை. புகை வாடைக்குப் பதிலாக ஏதோ ஒரு இனிப்பு வாசனை. மணிக்கட்டில் சின்னதாக ஒரு சூட்டுத் தழும்பு. கேட்டால், இன்ஜின் மூடியில் பட்டுவிட்டது என்றார். இன்ஜினில் எங்கேயிருந்து வரும் வெனிலா வாசனை?

கடையில் பில் போடுகிற அக்காவிடம் வாய்விட்டுச் சொன்னேன். அவள் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆம்பளை உடம்புல சமையக்கட்டு வாசம் அடிச்சா, வேற எங்கயோ ஒரு அடுப்பு எரியுதுன்னு அர்த்தம்" என்றாள். அதன்பின் எனக்குச் சோறு இறங்கவில்லை. பதினொரு வருடம் குடும்பம் நடத்தின மனுஷனை எவளோ ஒருத்தி கொண்டுபோய்விட்டாள் என்றால் நான் என்ன செய்வேன்? கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்குப் பயமாக இருந்தது.

ஆகவே அன்று சமையலறை வாசலில், கடை வாசலில் நிற்பதுபோலவே கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

உள்ளே மூன்று பேர். எங்கள் பெரியவளுக்கு நான் வைத்த பெயர் நீதிபதி. வீட்டில் யார் பேசினாலும் தீர்ப்புச் சொல்லிவிடுவாள். சின்னவள் சுண்டெலி. சாக்லேட் கட்டியை நறுக்கச் சொன்னால் பாதி பலகைக்கும் பாதி வயிற்றுக்கும் போகும்.

அவர் ஒரு பாத்திரத்தில் தண்ணீரைச் சூடாக்கி, அதன் வாயில் கிண்ணத்தை வைத்துச் சாக்லேட்டை உருக்கினார். கிண்ணத்தின் அடி தண்ணீரில் படவில்லை. முழுதும் உருகுமுன்பே கிண்ணத்தை எடுத்து, முதல் வேலையாக அதன் அடியைத் துண்டால் துடைத்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனாலும் சாக்லேட் திரிந்து மண்ணாகிவிடும், சூடு மிஞ்சினால் ஆறினபின் வெள்ளை பூத்துவிடும் என்று பிள்ளைகளிடம் சொன்னார். ஓகோ, என் சாக்லேட் இத்தனை வருடம் ஏன் அப்படி வந்தது என்று இப்போது புரிகிறது. ஆனால் இவருக்கு எப்படித் தெரியும்?

மிச்சத் துண்டுகளைப் போட்டு, ஓரத்திலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து ஓரத்துக்கு, அவசரமே இல்லாமல் கிண்டினார். பிறகு கரண்டி நுனியில் ஒரு துளி எடுத்துக் கீழ் உதட்டில் தொட்டார். கண்ணை மூடி ஒரு கணம் நின்றார். "இன்னும் கொஞ்சம் ஆறணும்" என்றார்.

அந்த உதட்டு வேலை ஒருநாளில் வருவதல்ல, பழகினவர் கை அது. யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். போனில் வீடியோ பார்த்தாராம். அழைப்பு வந்தால் எடுக்கவே தடுமாறுகிறவர், வீடியோ பார்த்து உதட்டால் சூடு பார்க்கக் கற்றுக்கொண்டாராம். காதில் பூ சுற்றுவதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

இன்னொன்றும் கவனித்தேன். நீதிபதி அவருடைய இடது பக்கத்தை விட்டு நகரவே இல்லை. அச்சுத் தட்டை எடுத்துக் கொடுப்பதானாலும் சுற்றி வந்து வலது பக்கம் வைத்துவிட்டு, உடனே இடது பக்கம் திரும்பிவிட்டாள். சுண்டெலி நடுவில் புகுந்தால் கண்ணாலேயே விரட்டினாள். இரண்டு தடவை ஏதோ கிசுகிசுப்பு. நான் பார்த்ததும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். அடிப் பாவி, நான் பெற்ற பிள்ளைகளையுமா வளைத்துப் போட்டுவிட்டாய் என்று முகம் தெரியாத அந்தப் பெண்ணை மனதுக்குள் சபித்தேன்.

சாக்லேட் சரியான பக்குவத்துக்கு வந்தது. அச்சில் ஊற்றி, தட்டை மேடைமேல் தட்தட்டென்று தட்டினார். உள்ளிருந்த காற்றுக் குமிழ்கள் மேலே வந்து உடைந்தன. சுற்றிக் கொடுக்க ஜிகினாத் தாள் வேண்டும் என்று நீதிபதி கூடத்துக்குப் போனாள். அந்த இடைவெளியில் சுண்டெலி முக்காலியை இழுத்துப் போட்டு, அவருக்கு இடது பக்கம் ஏறி நின்றாள். மேடையில் சிந்தியிருந்த துண்டு ஒன்று அவள் கண்ணில் பட்டுவிட்டது. அவர் திரும்பினார். முழங்கை அடுப்பிலிருந்த வெந்நீர்ப் பாத்திரத்தில் மோதியது.

நான் எப்படிப் பாய்ந்தேன் என்று எனக்கே தெரியாது. பிள்ளையை இடுப்போடு தூக்கிக்கொண்டேன். பாத்திரம் முக்காலியில் விழுந்து, வெந்நீர் தரையெல்லாம் ஓடியது. ஒரு துளிகூடப் பிள்ளைமேல் படவில்லை. படாதது எந்தச் சாமி புண்ணியமோ.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?" என்று கத்தினேன். யார் வீட்டிலும் கத்துகிற வார்த்தைதான்.

அவர் குனிந்து பாத்திரத்தை எடுத்தார். ஓடி வந்த நீதிபதி என்னையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. தங்கையைத்தான் திட்டினாள். "அப்பாவுக்கு அந்தப் பக்கம் நிக்காதேன்னு சொன்னேனா இல்லையா?"

சொன்ன பிறகுதான் நான் அங்கே இருப்பது அவளுக்கு உறைத்தது. கையிலிருந்த ஜிகினாத் தாளைக் கசக்கினாள்.

அவள் கையைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். எல்லாம் வந்தது. அப்பாவுக்கு இடது கண் தெரியாது. வலது கண்ணின் பார்வை சொட்டு மருந்தில் நிற்கிறதாம், மேலும் குறையாமல் நிற்கும் என்று டாக்டர் சொன்னாராம். பணிமனையில் கண் பரிசோதித்தபோது கண்டுபிடித்துப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். இப்போது ஒரு பேக்கரியின் பின்கட்டில் சாக்லேட் வார்க்கிற வேலை. யூனிபார்ம் போட்டுக்கொண்டு போய், அங்கே மாற்றிக்கொள்கிறார். பேக்கரி வேலை சீக்கிரம் முடிந்த ஒருநாள், இவளைப் பள்ளிவிட்டு அழைத்து வரும்போது ஒரு கம்பத்தில் மோதிக்கொண்டாராம். அப்போதிலிருந்து இவளுக்குத் தெரியும். அன்றிலிருந்து தெருவில் அவருடைய இடது கையை இவள்தான் பிடித்துக்கொண்டு வருகிறாள்.

எவளும் இல்லை. எந்த அடுப்பும் இல்லை. அந்த நிம்மதி ஒரு நொடிகூட நிற்கவில்லை. பத்து வயதுப் பிள்ளை பார்த்ததை, பை பையாகத் துழாவுகிற நான் பார்க்கவில்லையே என்று நெஞ்சு எரிந்தது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவளைக் கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் யோசித்துத்தான் சொன்னாள். "நீ கேட்டா, பதில் சொல்ற மாதிரியே இருக்காதும்மா. பிடிபட்ட மாதிரி இருக்கும்."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை நாள், எந்த டாக்டர், எந்தப் பேக்கரி, வேறு யாருக்கெல்லாம் தெரியும், என்னை என்னவென்று நினைத்தீர்கள் என்று கேள்விகள் வரிசையாக நாக்கில் வந்து நின்றன. அத்தனையையும் விழுங்கினேன். எனக்கு அது சுலபமில்லை.

சமையலறையில் அவர் தரையில் குந்தித் துடைத்துக்கொண்டிருந்தார். வலது பக்கம் பளபளவென்று இருந்தது. இடது பக்கம் தண்ணீர் அப்படியே கிடந்தது. நான் ஒரு துணியை எடுத்துக்கொண்டு போய், அந்தப் பக்கம் உட்கார்ந்து துடைத்தேன். பக்கத்தில் ஆள் இருப்பது தெரிய, தோளோடு தோள் இடிக்கும்படிதான் உட்கார்ந்தேன்.

நான் எதுவும் கேட்கவில்லை. அவர் கை நின்றது.

"சாக்லேட் நல்லா வந்தா, உன் கையில ஒண்ணு குடுத்துட்டு சொல்லலாம்னு இருந்தேன்" என்றார். "இதையாவது உருப்படியா செய்யறேன்னு தெரியட்டும்னு."

"சொல்லுங்க" என்றேன்.

அவர் வாயைத் திறந்தார். அழுகைதான் வந்தது. சேலைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்தேன். முதலில் தெரிகிற கண்ணை, பிறகு தெரியாத கண்ணை. இரண்டிலும் ஒரே அளவுதான் கண்ணீர் வந்தது.