பத்தாம் வசனத்தில் நின்றவன்

மீன் பதனிடும் ஆலையில் அவனை எல்லாரும் நிதானம் என்றுதான் கூப்பிட்டார்கள். கேலிக்கு வைத்த பெயர். மற்றவர்கள் நிமிடத்துக்குப் பன்னிரண்டு மீன் அறுத்தால் அவன் எட்டு அறுப்பான். ஆனால் அவன் அறுத்த மீனில் ஒரு முள்கூட மிஞ்சாது. இடது கையில் கம்பிவலைக் கையுறை, வலது கையில் விரல் அகலக் கத்தி. செவுளுக்குப் பின்னால் ஒரு வெட்டு. முதுகெலும்பை ஒட்டி வால்வரை ஒரு இழுப்பு. ரத்தமும் ஐஸ் தண்ணீரும் மேசை ஓரத்துக் குழியில் ஓடிக்கொண்டே இருக்கும்.

புதன்கிழமைகளில் வேலை முடிந்ததும் மாதா கோவிலை ஒட்டிய மறைக்கல்வி அறைக்குப் போவான். பிள்ளைகளுக்குச் செய்த தாழ்ந்த பெஞ்சுகளில் ஆறு பெரியவர்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். வகுப்பு நடத்தும் கன்னியர் மடத்துச் சிஸ்டர் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுப்பார். அதில் ஒரே ஒரு வசனம். அதை நான்கு முறை, நடுவில் நீண்ட மௌனம் விட்டு, மெதுவாக வாசிப்பார்கள். கடைசியில் ஒவ்வொருவரும் தன்னைப் பிடித்து நிறுத்திய ஒரு வார்த்தையை மட்டும் சொல்ல வேண்டும். அடுத்தவர் வார்த்தையைப் பற்றி யாரும் எதுவும் கேட்கக் கூடாது. அந்த வார்த்தையோடு ஒரு வாரம் வாழ வேண்டும், அவ்வளவுதான்.

"முன்னால ஓடாதீங்க. அடுத்த வசனம் அடுத்த வாரம் வரும்," என்பார் சிஸ்டர். "மாடு அசைபோடுற மாதிரி இதையே மெல்லுங்க."

"மாட்டுக்கு வயிறு நாலு சிஸ்டர். எனக்கு ஒண்ணுதான், அதுலயும் அல்சர்," என்பார் ஓய்வுபெற்ற தபால்காரர்.

மற்ற ஐந்து பேரும் பிறந்ததிலிருந்து அந்தக் கோவிலில் வளர்ந்தவர்கள். நிதானம் போன வருடம்தான் ஞானஸ்நானம் பெற்றவன். வீட்டில் விவிலியம் இருந்தது. சிஸ்டர் சொன்னதால் அதைத் திறந்து அடுத்த வசனத்தைப் பார்க்கவில்லை.

அவனுக்கு ஒரே தங்கை, இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். அவள் கணவன் லாரி ஓட்டுபவன். கல்யாணமான நான்கு வருடத்தில் அவளுடைய இரண்டு விரல்களையும் ஒரு தோள்பட்டை எலும்பையும் உடைத்திருந்தான். இஸ்திரிப் பெட்டியை முழங்கையில் வைத்து அழுத்தியிருந்தான். சிஸ்டர்தான் வெளியூரில் பெண்கள் தங்கும் ஒரு வீட்டில் அவளுக்கு இடம் பிடித்தார். அடுத்த வியாழக்கிழமை காலை, லாரி லோடு ஏற்றிக் கிளம்பியதும் ஒரு கார் வரும். தெரிந்தவர்கள் மூன்றே பேர்.

"அதுவரைக்கும் அவர முறைச்சுக்கூடப் பாக்காதண்ணா," என்றாள் தங்கை.

"பாக்க மாட்டேன்."

கார் வருவதற்கு எட்டு நாள் முன்பு, புதன்கிழமை வந்த சீட்டு, தோட்டத்தில் ஆண்டவரைப் பிடிக்க வந்த கூட்டத்தைப் பற்றியது. அவருடைய சீடர் பேதுரு வாளை உருவித் தலைமைக் குருவின் வேலைக்காரனைத் தாக்கி அவன் வலது காதை வெட்டிவிடுகிறார். அது பத்தாம் வசனம். சீட்டு அங்கே முடிந்தது. நான்கு முறை வாசித்தார்கள்.

"பெயர்," என்றார் தபால்காரர். அந்த வேலைக்காரனுக்குக்கூடப் பெயர் சொல்லப்பட்டிருந்தது.

"வலது," என்றாள் மருந்துக்கடைப் பெண்.

"வெட்டினார்," என்றான் நிதானம்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. சிஸ்டர் தலையசைத்து மெழுகுவர்த்தியை அணைத்தார்.

ஒரு வாரம் அந்த வார்த்தையை மென்றான். செவுளுக்குப் பின்னால் கத்தி இறங்கும்போதெல்லாம் அது நாக்கில் வந்தது. ஆண்டவருக்குப் பக்கத்திலேயே நின்றவர் பேதுரு. நேசித்தவர். நேசித்ததால் கை சும்மா இருக்கவில்லை. சீட்டை எத்தனை முறை எடுத்துப் பார்த்தாலும் அதில் அதற்குமேல் ஒன்றும் இல்லை. தவறு என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம், வேலையிலிருந்து நேராக, துணி வைத்துக்கொள்ள ஒரு பை கொடுப்பதற்காகத் தங்கை வீட்டுக்குப் போனான். கதவு தாழிடப்படவில்லை. சமையலறையில் அவள் கணவன் அவள் முடியைக் கையில் சுற்றிப் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பில் அவள் முகத்தை மோதிக்கொண்டிருந்தான். அவசரமில்லாமல், சீராக மோதினான். ஒரு பல் தொட்டிக்குள் விழுந்து சுழன்றது. குழாய் திறந்தே இருந்தது.

நிதானத்தின் தோள்பையில் அட்டை உறைக்குள் கத்தி இருந்தது. எடுத்தான். கணவனின் தலையை இடது கையால் பின்னுக்கு இழுத்து, காதின் மேல்முனையில் வைத்து ஒரே இழுப்பாகக் கீழே கொண்டுவந்தான். அவனுக்குத் தெரிந்த வேலைதான். குருத்தெலும்பு மீன் துடுப்பைவிட மென்மையாக இருந்தது. கழுத்துவரை ரத்தம் வழிந்துகொண்டு போனது. கணவன் அலறித் தரையில் உருண்டு, அடுப்பில் தலை மோதி, மறுபடி அலறினான். நிதானம் அவன் விலாவில் உதைத்தான். எத்தனை முறை என்று எண்ணவில்லை. உதைக்க உதைக்க உள்ளே ஏதோ முறியும் சத்தம் கேட்டது.

தங்கை அண்ணனிடம் வரவில்லை. வாயிலிருந்து ரத்தம் ஒழுக, துண்டை எடுத்துக் கணவனின் தலையில் வைத்து அழுத்தினாள்.

மறுநாள் சாயங்காலம் சிஸ்டர் காவல் நிலையத்துக்கு வந்தார். கம்பிக்கு வெளியே நின்று ஒரு சீட்டை நீட்டினார்.

"இன்னிக்கு வகுப்புல வாசிச்சது."

அவன் வாசித்தான். வாளை உறையில் போடு என்று ஆண்டவர் பேதுருவிடம் சொல்கிறார். அதற்கு அடுத்த வசனமேதான்.

"இது உங்களுக்குப் போன வாரமே தெரியுமா சிஸ்டர்?"

"எல்லாருக்கும் தெரியும்பா."

"எனக்குத் தெரியாது."

சிஸ்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நீ அந்த வார்த்தையச் சொன்னப்ப, நல்லா ஊன்றி வாசிச்சிருக்கன்னு நினைச்சு சந்தோஷப்பட்டேன்," என்றார். பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை தங்கை வந்தாள். மேலுதடு வீங்கி, மூக்கு ஒருபக்கம் கோணியிருந்தது.

"காது ஒட்டல. விலா எலும்பு மூணு போச்சு," என்றாள். "அவங்கம்மா, அக்கா, அந்தத் தெருவே ஆஸ்பத்திரில நிக்குது. எல்லாரும் கஞ்சிக் கிண்ணத்த என் கையில குடுத்து ஊட்டச் சொல்றாங்க. நாலு வருஷம் எனக்காக எந்த நாயும் எட்டிப் பாக்கல. இப்ப அவர்தான் பாவம்."

"உனக்காகத்தானே நான்..."

"எனக்காக ரெண்டு நாள் சும்மா இருந்திருக்கலாம்ல?"

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"என் கையப் பிடிச்சுக்கிட்டு அழறார். இங்க பாரு." மணிக்கட்டைக் காட்டினாள். ஐந்து விரலும் நீலமாகப் பதிந்திருந்தன. "அழும்போதும் இப்படித்தான் பிடிக்கறார்."

"அப்ப அங்கயே இருக்கப்போறியா?"

"கார் வெளியில நிக்குது. தண்ணி வாங்கிட்டு வரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"எந்த ஊரு? வெளியில வந்ததும் வந்து பாக்கறேன்."

"அந்த முகவரி யாருக்கும் தர மாட்டாங்க."

"நான் உன் அண்ணன்டி."

"தெரியும். உனக்கும் தரக் கூடாதுன்னு நானே சிஸ்டர்கிட்ட சொல்லிட்டேன்."

கம்பியைப் பிடித்திருந்த அவன் விரல்கள்மேல் முஷ்டியால் குத்தினாள். வாழ்க்கையில் யாரையும் அடித்திராதவள். தோல் கிழியும்வரை மூன்று முறை குத்தினாள். அவன் கையை எடுக்கவில்லை. நான்காவது முறை ஓங்கிய கையை நடுவிலேயே நிறுத்தி, அதையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு முந்தானையால் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

"தங்கச்சியா?" என்றார் காவலர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

"ஆமாங்க."

வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. தெரு முக்குவரை போனது. அங்கே எந்தப் பக்கம் திரும்பியது என்று உள்ளே இருந்தவனுக்குத் தெரியவில்லை.