மிளகளவுப் புள்ளி

விடியுமுன்பே கல் பட்டறையில் ரம்பம் அலறத் தொடங்கிவிட்டது. சமையல் மேடைக்கான பலகைக்கல்லைச் சின்னக்கா இடுப்பால் முட்டுக்கொடுத்துப் பிடிக்க, அறுப்புக்காரர் ரம்பத்தை இறக்கினார். வெள்ளைத் தூசி எழும்பிக் கண்ணிமையில் அப்பியது, பல்லில் நறநறத்தது. தூசி பறக்காமலிருக்க ரம்பத்துக்குத் தண்ணீர் பீய்ச்சும் குழாயை முதலாளி என்றோ கழற்றிவிட்டார். ஈரக்கல் காயும்வரை யார் காத்திருப்பது என்பது அவர் கேள்வி.

கல்லை இறக்கிவைத்துவிட்டுச் சின்னக்கா குனிந்து இருமினாள். முந்தின நாள் எடுத்த ஸ்கேனில், நுரையீரலில் மிளகளவு ஒரு புள்ளி.

"புற்றுநோயா டாக்டர்?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டிருந்தாள்.

"அவசரப்பட்டு முடிவு கட்டாதீங்கம்மா. எப்பவோ வந்த சளிக்காய்ச்சலோட தழும்பா இருக்கலாம். காசநோயா இருக்கலாம். கல் தூசி உள்ள படிஞ்சதாவும் இருக்கலாம். புற்றுநோய் இல்லவே இல்லைன்னு இப்பச் சொல்ல முடியாது. ஆனா இவ்வளவு சின்னப் புள்ளி பெரும்பாலும் அது இல்ல. சளியப் பரிசோதிப்போம். மூணு மாசம் கழிச்சுத் திரும்பப் படம் எடுத்து, வளருதான்னு பாப்போம். அதுவரைக்கும் தூசி பக்கம் போகாதீங்க."

தூசி பக்கம் போகாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால்தான் வந்திருந்தாள்.

முதலாளி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தார். டாக்டர் சொன்னதையெல்லாம் அவள் சொல்ல, கேட்டுச் சிரித்தார்.

"அதான் டாக்டரே ஒண்ணுமில்லைன்னுட்டாரே. போய் வேலையப் பாரு."

"ஒண்ணுமில்லைன்னு சொல்லலீங்க. இன்னும் தெரியலைன்னாரு. ரெண்டும் ஒண்ணா?"

"முடியலைன்னா வீட்ல இரு. ஆளா கிடைக்காது?"

ரம்பம் நின்றது. அறுப்புக்காரர் விசையை அணைத்திருந்தார்.

"அப்ப என்னையும் வீட்டுக்கு அனுப்புங்க மொதலாளி. ராத்திரியெல்லாம் எனக்கும் இருமல்தான்."

மெருகு போடும் பெண்கள் எழுந்து வந்தார்கள். சுமைக்காரர்கள் தூக்கிய கல்லை அப்படியே இறக்கினார்கள்.

"எல்லாரும் சேந்து மிரட்டுறீங்களா?"

சின்னக்காவுக்கு உடம்பு கொதித்தது. "அந்தக் கைக்குட்டைய எடுத்துட்டுப் பேசுங்க. நாங்க நாளெல்லாம் இழுக்குற காத்த நீங்க ஒரு வாய் இழுத்துப் பாருங்க!"

அவர் கை மூக்கைவிட்டு அசையவில்லை.

"தண்ணிக் குழாய மாட்டுங்க. எங்க எல்லாருக்கும் உங்க செலவுல ஸ்கேன் எடுங்க. அதுவரைக்கும் ரம்பம் ஓடாது," என்றார் அறுப்புக்காரர்.

"நாளைக்கே வேற ஆள் எறங்கும், பாத்துக்கோங்க!" முதலாளியின் கார் சீறிக்கொண்டு போனது.

வாசலில் கூடி நின்றார்கள். பக்கத்துப் பட்டறையில் ரம்பம் அலறிக்கொண்டிருந்தது. வேறு ஆள் அங்கிருந்துதான் வரும்.

"வாங்க, அவங்ககிட்டயும் சொல்லுவோம்," என்று சின்னக்கா முன்னால் நடந்தாள். புள்ளி என்னவென்று அவளுக்கு இன்னும் தெரியாது. வேலிக்கு இப்பால் நின்று, மூச்சிரைக்கக் கூப்பிட்டாள். உடன் வந்தவர்களும் குரல் கொடுத்தார்கள்.

அங்கேயும் ரம்பம் நின்றது. தூசியில் புருவமெல்லாம் வெளுத்த ஓர் ஆள் இருமிக்கொண்டே வேலியோரம் வந்தான்.

"என்னக்கா விஷயம்?"