குண்டு கழற்றும் சுத்தியல்

வீட்டிலேயே வெற்றுத் தோட்டாவில் வெடிமருந்தும் குண்டும் நிரப்புகிறவர்களில் இந்த உலகம் தோன்றிய நாளிலிருந்து தப்பே செய்யாதவர் ஓரின் ஹாகன் ஒருவர்தான். மொன்டானாவில் இதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்களா என்றால், ஓரின் ஒப்புக்கொள்கிறார்.

ஆகவே மைத்துனன் லெலண்ட் அந்தச் சுத்தியலோடு கராஜுக்குள் வந்தபோது அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பிளாஸ்டிக் சுத்தியல், தலை உள்ளே காலி. தப்பாக நிரப்பிய தோட்டாவை அதில் மாட்டிக் கட்டையில் ஓங்கித் தட்டினால் குண்டும் மருந்தும் கழன்று விழும்.

"என்ன மச்சான், கிலுகிலுப்பையா?"

"ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும் மாமா."

"அழிரப்பர் வச்சிருக்கறவன்தான்டா தப்பா எழுதுவான்!"

லெலண்ட் அதை மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் எல்க் மான் வேட்டை தொடங்குகிறது. தோள்பட்டை அறுவைசிகிச்சையால் போன வருடம் முழுக்க வீட்டில் கிடந்த மனைவி இங்க்ரிட் இந்த வருடம் போகிறாள். துப்பாக்கி தோளில் அதிகம் உதைக்காதபடி அவளுக்கென்று மருந்தைக் குறைத்துத் தனியாக நிரப்பியிருந்தார். தோட்டாப் பெட்டி பளபளவென்று தயார்.

இங்க்ரிட் காபியோடு வந்தாள்.

"ஏங்க, மேசையில எப்பவும் ஒரு மருந்து டப்பாதானே இருக்கும்? ரெண்டு இருக்கு?"

ஓரின் திரும்பிப் பார்த்தார். ஒன்று ரைஃபிள் மருந்து. மற்றது கைத்துப்பாக்கிக்கானது, படக்கென்று எரிவது. இரண்டு மூடியும் திறந்தே இருந்தன. நேற்று எதிலிருந்து கொட்டினார்? லெலண்டிடம் போனில் வீம்பு பேசிக்கொண்டே நிரப்பியது மட்டும்தான் ஞாபகம் வந்தது. தப்பான மருந்தென்றால் துப்பாக்கியே அவள் கன்னத்தருகே வெடித்துச் சிதறும்.

"அது... சும்மா எடுத்து வச்சேன்."

"சும்மாவா? நீங்களா?" என்று சிரித்துக்கொண்டே அவள் முற்றத்துக்குப் போய், காலித் துப்பாக்கியைத் தூக்கித் தோளில் வைத்துப் பார்த்தாள். "வலிக்கவே இல்லைங்க! பாருங்க!"

"பாத்தேன், பாத்தேன்! காலையில நல்லா சுடலாம்!"

கராஜ் கதவைச் சாத்தினார். கைத்துப்பாக்கி மருந்தை அலமாரியில் வைத்துப் பூட்டினார். சத்தம் கேட்காதிருக்கக் கட்டையின் அடியில் பழைய துண்டை மடித்துப் போட்டார். முதல் தோட்டாவை லெலண்டின் சுத்தியலில் மாட்டித் தட்டினார். இன்னும் ஓங்கித் தட்டினார். குண்டு கழன்றது.

"உள்ள என்னங்க சத்தம்?"

"அலமாரிக்கு ஆணி அடிக்கறேன்மா!"

அடுத்த தோட்டாவை எடுத்தார்.