‘ஓடுகிறது’ என்றது திரை

கோழிக்கொட்டகையின் எட்டு விசிறிகளையும் கணினிக்குள் எட்டுக் கோப்புகளாகத்தான் வைத்திருந்தேன். ஒரு கோப்பில் ஒன்று என்று எழுதினால் அந்த விசிறி ஓடும். பூஜ்யம் எழுதினால் நிற்கும். அதே கோப்பைப் படித்தால் விசிறியின் நிலை தெரியும். திரையில் வரும் பச்சை விளக்குகள் இந்தக் கோப்புகளை நம்பித்தான் எரிந்தன. சேலம் ஃபேர்லேண்ட்ஸில், ஆறு பேர் வேலை செய்யும் எங்கள் கம்பெனியில், விசிறிகளை இயக்கும் பெட்டிக்கு இந்த டிரைவர் புரோகிராமை எழுதியது நான்.

படிக்கும்போது எதைச் சொல்வது என்பதற்கு இரண்டு வழி இருந்தது. மோட்டாரில் மின்சாரம் போகிறதா என்று அளந்து சொல்லலாம். அதற்கு அரை நொடி பிடித்தது. திரை திக்கித் திக்கி நின்றது. அல்லது கடைசியாக எழுதிய எண்ணையே திருப்பிச் சொல்லலாம். அது உடனே வந்தது. மேசைமேல் இருந்த சின்ன விசிறியில் இரண்டு வழியும் ஒரே பதிலைத் தந்தன. இரண்டாவதை வைத்தேன். வெப்பம் காட்டும் பாகத்தை அடுத்த மாதம் சேர்ப்பதாக இருந்தோம்.

மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், நாமக்கல் பக்கம், எங்கள் பெட்டி வைத்திருந்த அங்காளம்மாளின் பண்ணையில், மின்சாரத்தின் மூன்று பேஸில் ஒன்று போனது. மூன்றும் இருந்தால் மட்டுமே ஓடும் எட்டு விசிறிகளும் நின்றன. வீட்டுக்கு வரும் பேஸ் போகவில்லை. அங்கே டியூப்லைட் எரிந்தது, திரையும் எரிந்தது. எட்டு விளக்கும் பச்சையாக ‘ஓடுகிறது’ என்றே காட்டின. அடைத்த கொட்டகைக்குள் ஐயாயிரம் கோழிகள் முக்கால் மணி நேரத்தில் செத்துப்போயின.

அங்காளம்மாள் அன்று சொந்தக்காரர் வீட்டில் ஒரு சீருக்குப் போயிருந்தார். திரையைப் பார்க்க உட்கார்ந்திருந்தவர் அவர் கணவர் செங்கோடன்.

புதன் காலை செய்தி வந்தபோதே, திரை பச்சையாகத்தான் இருந்திருக்கும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. வியாழன் வரை யாரிடமும் சொல்லவில்லை. பிறகு முதலாளி சுவாமிநாதன் சாரிடம் சொன்னேன்.

“பேஸ் போறது நம்ம கையிலயா இருக்கு? நீ வாயத் திறக்காத. பெட்டிய மாத்திக் குடுத்துட்டு வந்துருவோம்,” என்றார்.

வெள்ளிக்கிழமை போனோம். வண்டியை விட்டு இறங்கும்போதே நாற்றம் அடித்தது.

“வாங்க சார். உங்க பெட்டி மேல ஒரு குத்தமும் இல்லீங்க. எல்லாம் எங்கூட்டுப் பெரிய ஆபீசர் பண்ணுன வேல,” என்றார் அங்காளம்மாள்.

செங்கோடன் மண்வெட்டியோடு வாசலில் நின்றிருந்தார். “பாத்துக்கிட்டேதானுங்க இருந்தேன். பச்சையாத்தான் இருந்துச்சு.”

“ஆமா, கனவுல. ஊட்ல கரண்டு இருந்துச்சு, லைட்டு எரிஞ்சுச்சு. நல்லாத் தூங்கிப்போட்டு இப்பப் பெட்டி மேல பழி.”

அவர் கொட்டகைக்குப் பின்னால் போனார். செத்த கோழிகளைப் போட்ட குழி இன்னும் மூடி முடியவில்லை. மூன்று நாளாகப் படுப்பதும் அங்கேதான், வீட்டில் சோறு உண்பதில்லை என்று அங்காளம்மாளே சொன்னார், அதுதான் நியாயம் என்பதுபோல.

“கவனமாப் பாத்திருக்கணும்ங்க,” என்றார் சார்.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது.

“அவர் சொல்றது நெசங்க,” என்றேன்.

“என்ன அம்மிணி?” என்றார் அங்காளம்மாள்.

“விசிறி நின்னாலும் திரையில ஓடுதுன்னுதான் வரும். நாம ஓடுன்னு சொன்னத அது அப்படியே திருப்பிச் சொல்லும். ஓடுதான்னு பாக்காது. நான் அப்படி எழுதிட்டேன்.”

“கோகிலா,” என்றார் சார், மெதுவாக.

“அவர் முழிச்சுத்தாங்க இருந்திருப்பார். நாளெல்லாம் பாத்திருந்தாலும் பச்சையாத்தான் இருந்திருக்கும்.”

அங்காளம்மாள் கத்துவார் என்று நினைத்தேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டார்.

“இது உனக்கு எப்பத் தெரியும்?”

“புதன்கிழமைங்க.”

“புதன்கிழமை சாயங்காலந்தான் எங்கண்ணனக் கூட்டியாந்து வெச்சு, அத்தன பேரு முன்னால அந்த மனுசனக் கேக்கக்கூடாததெல்லாம் கேட்டேன்.”

கொட்டகைக்குப் பின்னால் நடந்தார். நானும் போனேன். செங்கோடன் குழியில் சுண்ணாம்பு தூவிக்கொண்டிருந்தார். மனைவி வருவதைப் பார்த்தும் நிமிரவில்லை.

“ஏனுங்க, பச்சையாத்தான் இருந்துச்சாமா. இந்தப் புள்ள சொல்லுது.”

“அதத்தான நானும் சொன்னேன்,” என்றார் அவர்.

மண்ணை வெட்டிக் குழிக்குள் தள்ளினார். இன்னொரு முறை தள்ளினார். அங்காளம்மாள் மண்வெட்டியை வாங்கக் கை நீட்டினார். செங்கோடன் கொடுக்கவில்லை.