பசியோடு தூங்குகிறவள்

"அந்தப் படத்தை இறக்குங்க சார்."

கேட்டே விட்டாள். எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்காதே என்று தொண்டுச் சங்க அலுவலகத்தில் ஆளாளுக்குச் சொல்லி வைத்திருந்ததை, இயக்குநர் காபியை வாயருகே கொண்டுபோன நேரம் பார்த்துக் கேட்டாள்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "முதல்ல உட்காரும்மா."

"நின்னுட்டே பேசறேன்."

அவள் கையில் ஒரு காகிதப் பொட்டலம். சுவரில், அவர் தலைக்கு மேலேயே, நன்கொடைச் சுவரொட்டியில் அவள். தலையில் துணி, துணிமேல் கலவைச் சட்டி, வெயிலில் சுருங்கிய கண். கீழே கொட்டை எழுத்தில்: 'இவள் இன்றிரவும் பசியோடு தூங்குவாள். நீங்கள் நினைத்தால் மாற்றலாம்.'

கடல் தாண்டிப் பள்ளிக்கூடம் கட்டப் போன இளைஞர் தொண்டர்களில் அவளும் ஒருத்தி. வீட்டில் முதல் பட்டதாரி, முதல் விமானப் பயணம். எல்லாருக்கும் சங்கத்தின் பெயர் போட்ட மஞ்சள் டீ ஷர்ட் கொடுத்தார்கள். மற்றவர்கள் அதைப் போட்டுக்கொண்டு செங்கல்லைத் தொட்டும் தொடாமலும் நின்றார்கள். இவளுக்குப் புதுசைச் சிமெண்டில் பாழாக்க மனசு வரவில்லை. இஸ்திரி போடுகிறவளின் மகள் அல்லவா? பெட்டியில் மடித்து வைத்துவிட்டுப் பழைய சட்டையோடு வேலைக்கு இறங்கினாள். படம் எடுக்க வந்தவர் அவளை அந்த ஊர்ப் பெண் என்றே நினைத்துவிட்டார்.

அது தெரியாமல் நடந்த தப்பு. திரும்பி வந்ததும் அவளே போய்ச் சொன்னாள். சொன்ன பிறகும், "படம் நல்லா எடுபடுதே" என்று பேருந்து நிறுத்தம் வரைக்கும் ஒட்டினார்களே, அதற்கு என்ன பெயர்?

அந்த நிறுத்தத்தில்தான் அம்மா பார்த்தாள். வீட்டுக்கு வந்தவள் இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணாமலே உட்கார்ந்திருந்தாள்.

"என்னைக்குடி உன்னைப் பட்டினி போட்டேன்? நான் கிடந்திருக்கேன். நீ?"

அன்றைக்கு மகள் வயிற்றில் பற்றியது இன்னும் அணையவில்லை.

"இதோ பாரும்மா," இயக்குநர் குரலில் தேன் ஒழுகியது. "ஒருங்கிணைப்பாளர் வேலை உனக்குத்தான்னு பேசியாச்சு. இன்னைக்கு விழா மேடையில, இந்தப் பயணம் உன்னை எப்படி மாத்துச்சுன்னு நாலு வார்த்தை சொல்லு. படத்தைப் பத்தி மூச்சு விடாதே. வளரணும்னா சிலதைக் கண்டும் காணாம போகணும்."

"அப்போ இறக்க மாட்டீங்க?"

"முடியாதும்மா."

"சரி சார்." பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள். "விழா முடிஞ்சதும் பிரிச்சுப் பாருங்க."

அரங்கில் முன்வரிசை முழுக்க நன்கொடையாளர்கள். கடைசி வரிசையில் அம்மா. மேடையிலும் அதே படம், ஆளுயரத்துக்கு.

பெயரைச் சொல்லி அழைத்ததும் ஏறினாள். பையிலிருந்து பழைய துணியை எடுத்துத் தலையில் கட்டினாள். அரங்கத்துத் தோட்டக்காரரிடம் கேட்டு வாங்கி வைத்திருந்த சட்டியைத் தலையில் தூக்கி வைத்தாள். படத்துக்குப் பக்கத்தில் போய்க் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். அரங்கில் சலசலப்பு.

"நல்லா பாருங்க, நான்தான்," என்றாள் மைக்கில். "பயணம் என்னை எப்படி மாத்துச்சுன்னு சொல்லச் சொன்னாங்க. போகும்போது பட்டதாரியா போனேன். வரும்போது பஞ்சத்துல அடிபட்டவளா வந்திருக்கேன். நல்ல வளர்ச்சி."

யாரோ சிரித்து, பாதியிலேயே விழுங்கினார்.

"அங்க நிஜமாவே பள்ளிக்கூடம் இல்லாத பிள்ளைங்க இருக்காங்க. அவங்க முகம் எடுபடல போல. அதோ கடைசியில உட்கார்ந்திருக்கறது எங்கம்மா. ஊரார் துணியைத் தேய்ச்சு எனக்கு மூணு வேளையும் போட்டவங்க. அவங்க பிள்ளை பசியோட தூங்குதுன்னு இயக்குநர் சார் ஊரெல்லாம் ஒட்டியிருக்கார். ஏன்னு அவரையே கேளுங்க."

முன்வரிசைத் தலைகள் ஒன்றாகத் திரும்பின. இயக்குநர் முகத்தில் ஈயாடவில்லை. அவசரமே இல்லாமல், ஆசை தீர அதைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள்.

படிக்கட்டில் ஓடி வந்து மறித்தார். "வேலை போச்சு, தெரியுமா உனக்கு?"

"பொட்டலத்தைப் பிரிக்கலையா சார்? உங்க டீ ஷர்ட்தான். ஒரு நாள்கூடப் போடல. எங்கம்மா காலையிலேயே தேய்ச்சு மடிச்சுக் கொடுத்துட்டாங்க."

சட்டியை அவர் கையில் திணித்தாள். கடைசி வரிசையில் அம்மா எழுந்து சேர்ந்துகொண்டாள்.

"வாய் ரொம்ப நீளம்டி உனக்கு."

"நீ போட்ட சோறும்மா," என்றபடி கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே நடந்தாள்.