அம்மாவைப் புதைக்க ஒரு மாடி வீடு

பென்ஷன் பணத்தை எப்படிக் கட்டிக்காப்பது என்று முப்பது வருஷம் ஆராய்ச்சி செய்தவர் பேராசிரியர் ஒக்வுதிலி. என்ஸுக்கா பல்கலைக்கழகத்தில் அவருக்கு அதுதான் பிழைப்பு. நைஜீரியாவில் எந்த ஆபீசில் நாலு பேர் ஓய்வு பெறப்போனாலும் இவரைத்தான் பேசக் கூப்பிடுவார்கள். வட்டி என்றால் என்ன, விலைவாசி ஏறினால் சேமிப்பு என்ன ஆகும், எல்லாப் பணத்தையும் ஒரே இடத்தில் போடலாமா என்று மூன்று கேள்வி கேட்பார். சந்தையில் மிளகாய் விற்பவள் திருதிருவென்று முழிப்பாள். குமாஸ்தா தலையைச் சொறிவான். உடனே, இந்த ஜனங்களுக்குப் பண அறிவே கிடையாது என்று எழுதி, வெளிநாட்டில் வாசித்து, கைதட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். சொந்த ஊரான உமுனேகேயைக்கூட விட்டுவைக்கவில்லை. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி, யாரும் குடியிருக்காத மாடி வீட்டை ஊரில் கட்டும் மூடர்கள் என்று ஒரு கட்டுரையே எழுதியிருந்தார்.

அவர் மனைவி உகோயே இதையெல்லாம் காது புளிக்கக் கேட்டவள். பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். கணவர் ஓய்வு பெற்றதும் பல்கலைக்கழகக் குடியிருப்பைக் காலி செய்தாக வேண்டும். அதற்காக என்ஸுக்கா சந்தைக்குப் பின்னால் மூன்று அறை வீடு ஒன்றைப் பார்த்து, விலையும் பேசி வைத்திருந்தாள். வயசான காலத்தில் வாடகைக்கு வீடு தேடித் தெருத்தெருவாக அலையக்கூடாது. அவள் கேட்டது அவ்வளவுதான்.

அவர் ஓய்வு பெற்று, பென்ஷன் பணம் மொத்தமாகக் கைக்கு வந்த அதே வாரத்தில் பேராசிரியரின் அம்மா ஊரில் செத்துப்போனாள்.

பங்காளிகள் கூடினார்கள். வெற்றிலை பாக்கு மாதிரி அங்கே வழங்கும் கோலாக் கொட்டையை உடைத்து எல்லோருக்கும் கொடுத்த கையோடு, டயர் வியாபாரி ஒன்வுரா ஆரம்பித்தான். பேராசிரியருக்கு ஒத்த வயசுக்காரன், சின்ன வயசுப் போட்டியாளன்.

"ஏம்ப்பா புரொபசர், அம்மாவ எந்த வீட்டுலேருந்து எடுக்கப்போற? இந்தத் தகரக் கொட்டாயிலேருந்தா? டயர் விக்கிறவன் நானே எங்கப்பன மாடி வீட்டுலேருந்து எடுத்தேன். ஊர் உலகமெல்லாம் சுத்தி வந்தவன் நீ!"

பங்காளிகள் சிரித்தார்கள். பேராசிரியரின் முகம் தொங்கிப்போனது. மாடி கட்டித்தான் அம்மாவை எடுப்பேன் என்று சொல்லிவிட்டார்.

திரும்பும்போது காரிலேயே உகோயே பிடித்துக்கொண்டாள். "ஏங்க, அத்தைய சவக்கிடங்குல போட்டுட்டு வீடு கட்டப்போறீங்களா? அவங்க உசுரோட இருந்தப்ப, ஒழுகுது, நாலு தகரம் மாத்திக் கொடுடான்னு எத்தன தடவ கேட்டாங்க! பலன் தராத முதலீடுன்னு சொன்னது யாரு?"

"அது வேற, இது வேற. உனக்குப் புரியாது."

"புரியிற மாதிரித்தான் சொல்லுங்களேன்."

"அந்த ஒன்வுரா முன்னாடி என்னால தலைகுனிஞ்சு நிக்க முடியாது."

பாருங்கள், முப்பது வருஷ ஆராய்ச்சியின் லட்சணத்தை! ஒரு டயர்க்காரனின் ஒரு நக்கலில் எல்லாம் பறந்துவிட்டது.

எட்டு மாதம் அந்தக் கிழவி சவக்கிடங்கில் கிடந்தாள். மகன் இரண்டு மாடி எழுப்பினார். பணம் பாதியிலேயே பல்லிளிக்க, வீட்டின் முன்பக்கத்துக்கு மட்டும் பூசி வண்ணம் அடித்தார்கள். பின்பக்கம் வெறும் செங்கல். மேல்மாடிக்குக் கதவில்லை, குழாயில் தண்ணீர் இல்லை. ஆனால் அடக்கத்தன்று வேட்டு அதிர்ந்தது, இரண்டு மாடு விழுந்தது, எல்லாரும் ஒரே மாதிரித் துணியில் உடை தைத்து வீட்டின் முன்பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். என்ஸுக்காவின் மூன்று அறை வீட்டை ஒரு மெக்கானிக் வாங்கிவிட்டான். மாசாமாசம் வரும் பென்ஷன், அந்த மாடுகளை வாங்கிய கடனுக்குப் போனது. மாசக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆள் வந்தான்.

இந்த லட்சணத்தில் எனுகு நகரத்திலிருந்து அழைப்பு. ஓய்வு பெறப்போகும் அரசு ஊழியர்களுக்குத் திட்டமிடல் பற்றிப் பேச வேண்டுமாம். மனுஷன் கூச்சமே இல்லாமல் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். உகோயேயும் கூடவே போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள்.

ஒரு மணி நேரம் வாய் கிழியப் பேசினார். மொத்தப் பணத்தை ஒரு வருஷம் தொடாதீர்கள் என்றார். ஊரில் வீடு கட்டாதீர்கள் என்றார். பாதிப்பேர் தூங்கினார்கள். "கேள்வி ஏதாவது?" என்றதும் உகோயே எழுந்தாள்.

"ஐயா, உங்களுக்கு வந்த மொத்தப் பணத்த நீங்க எதுல போட்டீங்க?"

பேராசிரியர் தண்ணீர் குடித்தார். "அது... குடும்ப விஷயம்மா."

"அவரு கூச்சப்படுறாரு, நான் சொல்றேன். நான் அவரு பொண்டாட்டி. அம்மாவ எட்டு மாசம் சவக்கிடங்குல வெச்சு, ஊருல மாடி வீடு கட்டி, அங்கேருந்து எடுத்துப் புதைச்சாரு. கையில சல்லிக்காசு இல்ல. மாசக் கடைசியில நாங்க தெருவுலதான் நிக்கணும்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாயிற்று. கூட்டம் சிரித்துத் தீர்க்கும் என்று அவள் காத்திருந்தாள்.

பின்வரிசையில் ஒரு தடியான ஆள் எழுந்தான். "அடேயப்பா! இவருல்ல பிள்ளை!"

மண்டபமே கைதட்டியது. "பெத்தா இப்படி ஒருத்தனப் பெக்கணும்" என்று ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தூங்கியவர்களும் முழித்துக்கொண்டார்கள்.

"சார், எத்தன மாடி?"

"ரெண்டு" என்றார் பேராசிரியர். நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"எவ்வளவு ஆச்சு சார்? மேஸ்திரி நம்பர் கிடைக்குமா?"

அவர் கண்ணாடியை மாட்டி, போனைப் பார்த்து, நம்பரை உரக்க வாசித்தார். வரிசை வரிசையாகக் குனிந்து எழுதிக்கொண்டார்கள்.

உகோயே பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். த்தூ, இவனுக்கா இத்தனை வருஷம் சோறாக்கிப் போட்டேன் என்று வெளியே வந்தாள். வாசல் மேசையில் இருந்த பெண்ணிடம் பேச்சாளருக்கான பணக் கவரைக் கேட்டாள்.

"அவருதான் கையெழுத்துப் போடணும் மேடம்."

"நான் பொண்டாட்டின்னு மைக் இல்லாமலே கத்தினேனே, உன் காதுல விழலியா? கொடு இப்படி."

கவரோடு முதல் வண்டி பிடித்து என்ஸுக்கா வந்தாள். டியூஷன் பிள்ளைகள் வீடுகளுக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்த ஒற்றை அறைக்கு அன்றைக்கே முன்பணம் கொடுத்தாள்.

வீட்டுக்காரி பணத்தை இடுப்புத் துணியில் முடிந்துகொண்டு, "எத்தன பேரும்மா இருப்பீங்க?" என்று கேட்டாள்.

"நான் ஒருத்திதான்" என்றாள் உகோயே. "எங்க வீட்டுக்காரருக்கு ஊருல மாடி வீடு இருக்கு."