விட்டுப்போன இருமல்

மகள் மேல்படிப்புக்காக வேறு ஊருக்குப் போன மறுநாள் காலையில், அவளுடைய இருமல் அவளோடு போகாமல் வீட்டிலேயே தங்கிவிட்டது தெரியவந்தது. அவள் அம்மா கண்ணாடி அக்கா அப்போது பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். உள்ளறையிலிருந்து முதலில் இரண்டு குட்டை இருமல், பிறகு இழுத்து ஒரு நெட்டை இருமல், கடைசியில் எண்ணெய் போடாத கதவு மாதிரி ஒரு கீச்சொலி. பழகிய கை அடுப்பைத் தணித்தது. "இதோ வரேன்டா கண்ணு" என்றபடியே வெந்நீர்த் தம்ளரோடு போய்க் கட்டிலருகே நின்றாள். கட்டில் காலியாக இருந்தது. போர்வை நேற்று மடித்தது மடித்தபடி கிடந்தது. தலையணைக்கு ஒரு சாண் மேலே, வெறும் காற்றில், மறுபடி இருமல் வந்தது. அவள் தம்ளரை மேசையில் வைத்துவிட்டுத் தலையணையைத் தட்டிச் சுவரோடு நிமிர்த்திச் சாய்த்தாள். இருமல் கொஞ்சம் தணிந்தது. அன்று அவள் கடைக்குச் சற்றுத் தாமதமாகப் போனாள். மற்றபடி ஒன்றும் நடக்கவில்லை.

கண்ணாடி அக்கா என்பது அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து, ஃபிரேமுக்குத் தகுந்தபடி லென்ஸை அறுத்து, தண்ணீர் சொட்டும் சாணையில் ஓரம் தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. சின்னப் பிள்ளைகளுக்கு முதல் கண்ணாடி மாட்டும்போது மட்டும் முதலாளி அவளை முன்பக்கம் கூப்பிடுவார். காதுக்குப் பின்னால் உறுத்தாமல் கம்பியை வளைத்துவிட்டு, எதிர்க்கடைப் பலகையைப் படிக்கச் சொல்வாள். அதுவரை வெறும் புகையாக இருந்த இடத்தில் எழுத்துகள் முளைப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் வாயைப் பிளக்கும். அவள் கணவர், மகளுக்கு முதல் பல் முளைத்த வாரத்தில் ஒரு வேலை விஷயமாக வெளியூர் போனார். அந்த வேலை இன்னும் முடியவில்லை போலிருக்கிறது.

மகளுக்கு வராத நோய் என்று ஒன்றுமில்லை; பெரிய நோய் என்றும் ஒன்றுமில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது பொழுது சாய்ந்தால் காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீரிட்டாள். தோளில் போட்டுத் தட்டித் தட்டி ஒரு ஏப்பம் வரவழைப்பதற்குள் அம்மாவுக்கு உயிர் போய் உயிர் வரும். தொடை இடுக்கு சிவந்து புண்ணானது. காதைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்த முதல் வருடம் வகுப்பில் யார் மூக்கு ஒழுகினாலும் அது இவள் கைக்குட்டைக்கு வந்து சேர்ந்தது. பேன் வந்தது, வயிற்றில் பூச்சி வந்தது, அம்மை வந்தது, தொண்டைச் சதை வீங்கியது. பிறகு வயசுக்கு வந்து, முகமெல்லாம் பரு வெடித்து, ஒரு மழைக்காலம் முழுவதும் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் நடந்தாள். மாதா மாதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறால் போலச் சுருண்டு கிடந்தாள். எல்லாம் வந்தன, இருந்தன, போயின. போகாமல் இருந்தது இந்த மூச்சிரைப்பும் இருமலும்தான். நெஞ்சுக்குள் கீச்சுக் கீச்சென்று சத்தம் வருவதால் மாடியில் குடியிருந்த வீட்டுக்காரம்மா அவளுக்குக் கீச்சு என்று பெயர் வைத்தாள். அது நிலைத்துவிட்டது.

குழந்தை டாக்டர் ஒவ்வொரு வருடமும் ஒன்றையே சொன்னார்: "கவலைப்படாதீங்கம்மா, வயசு ஏற ஏற விட்டுடும்." அவர் சொன்னதில் தப்பில்லை. காய்ச்சல் விட்டுதா என்று கேட்கிறோம், சளி விட்டுதா என்று கேட்கிறோம். விட்டது எங்கே போய் நின்றது என்று யாரும் கேட்டதில்லை. கண்ணாடி அக்காதான் முதலில் கேட்டாள். ஒரு சாயங்காலம் இருமலைக் கூட்டிக்கொண்டு போய் டாக்டர் முன்னால் உட்கார்ந்தாள். அவர் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார், அது இருமும் வரை காத்திருந்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆளை விட்டுட்டு இருமலை மட்டும் கூட்டிட்டு வந்தா, நான் ஸ்டெதஸ்கோப்பை எங்கம்மா வைக்கிறது?"

"நீங்கதானே சார் விட்டுடும்னு சொன்னீங்க?"

"விட்டுடுச்சே! பொண்ணு எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா சார். மாடிப்படி ஓடி ஏறுறாளாம்."

"அப்புறம் என்ன? அறையில தூசி சேராம பாத்துக்குங்க" என்று சொல்லி, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

அதற்குப் பிறகு அவள் அதை ஒரு வியாதியாக நினைக்கவில்லை. வீட்டில் ஒரு ஆள் என்று நினைத்தாள். அவள் கடைக்குப் போகும்போது அது வீட்டில் இருந்துகொள்ளும். சாயங்காலம் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டதும் வாசலுக்கு வந்து இருமும். ஜன்னலைத் திறந்துபோட்டால் கோபித்துக்கொள்ளும். ஆவி பிடிக்கப் பாத்திரத்தைக் கட்டிலடியில் வைத்தால் சமாதானமாகும். மாடி வீட்டுக்காரம்மா முதல் வாரம் எட்டிப் பார்த்து, "கீச்சு வந்திருக்காளா?" என்று கேட்டாள். "இல்லக்கா, அவளோடது மட்டும்தான் இருக்கு" என்றதும், "பாவம், அதை மட்டும் தனியா விட்டுட்டுப் போயிட்டாளா" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாள். உண்மையைச் சொன்னால், கண்ணாடி அக்காவுக்கு அது இருந்தது ஆறுதல்தான். பேசினால் பதிலுக்கு ஒரு சத்தம் வரும் வீடாக அது இன்னும் இருந்தது.

முதல் விடுமுறைக்குக் கீச்சு வந்தாள். கன்னம் பூரித்திருந்தது. மூச்சோடு உள்ளிழுக்கும் மருந்துக்குழலை எங்கே வைத்தோம் என்றே மறந்துவிட்டதாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வாசற்படியைத் தாண்டினாள். உள்ளறையில் இருந்த இருமல், பள்ளிக்கூட வாசலில் அம்மாவைக் கண்ட பிள்ளை போல ஒரே பாய்ச்சலில் வந்து அவள் நெஞ்சுக்குள் ஏறிக்கொண்டது. வீடு நிசப்தமானது. கீச்சு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு நீலம் பாரித்தது. ஆஸ்பத்திரியில் முகமூடி போட்டு மருந்துப் புகை வைத்தார்கள். விடுமுறை முழுவதும் மூன்று தலையணையில் சாய்ந்தபடி கழிந்தது. கண்ணாடி அக்கா மகளைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பியபோது, இருமல் அவளுக்கு முன்பே வந்து உள்ளறையில் உட்கார்ந்திருந்தது. பஸ்ஸில் ஏறியதுமே நெஞ்சு லேசாகிவிட்டதாக மகள் போன் செய்தாள். "வீட்ல ஏதோ தூசிம்மா" என்றாள். அம்மா "ஆமாம்டா, தூசிதான்" என்றாள். போனை வைத்துவிட்டு, மகளைப் பார்க்கவேண்டும் என்றால் மகளைப் படுக்கையில்தான் பார்க்கமுடியும் என்பதைப் புரிந்துகொண்டாள்.

அதன் பிறகு ஒவ்வொரு விடுமுறைக்கும் வீட்டில் ஏதாவது நடந்தது. வெள்ளையடித்தார்கள். குழாய் உடைந்தது. வீட்டுக்காரம்மா தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டாள். எதுவும் நடக்காத அந்த வீட்டில் இவ்வளவும் நடப்பதாகக் கண்ணாடி அக்கா போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். "எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்கம்மா. ஹாஸ்டல்ல நானும் வாட்ச்மேனும்தான் இருக்கோம்" என்று மகள் சொன்ன நாளில், லென்ஸின் அச்சுக் கோணத்தைப் பார்க்காமல் அறுத்து இரண்டை வீணாக்கினாள். தானே அங்கே போய்விடலாம் என்று ஒருமுறை பெட்டி கட்டினாள். கடைக்குப் போனால் சும்மா இருக்கும் இருமலுக்கு, ஊரை விட்டுப் போகிறாள் என்றால் மட்டும் எப்படியோ தெரிந்துவிட்டது. பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து இருக்கையிலிருந்து இருமியது. கண்டக்டர் வெறும் இருக்கையைப் பார்த்து, "பிள்ளைக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?" என்று கேட்டார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, அதை நடத்திக் கூட்டிக்கொண்டு வீடு திரும்பினாள்.

படிப்பு முடிந்து மகளுக்கு அங்கேயே வேலை கிடைத்தது. குரலில் ஒரு பெரிய மனுஷித்தனம் வந்தது. ஒரு நாள் அவள் நேராகவே கேட்டாள்.

"அம்மா, வீட்ல யாரு இருக்காங்க?"

"யாரு இருக்கப்போறா? நான்தான்."

"பின்னாடி யாரோ இருமுறாங்களே."

"டி.வி.டா."

"தினமும் அதே சீரியல்ல அதே ஆள்தான் இருமுறாரா? இத பாரு, கல்யாணம் பண்ணிக்கறதுன்னா பண்ணிக்கோ. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். என்னை வராதே வராதேன்னு மட்டும் சொல்லாத." அம்மா பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்தது. அதன் பிறகு பல வாரங்கள் போன் வரவில்லை. இருமல் மட்டும் தவறாமல் வந்தது. கண்ணாடி அக்காவுக்கு முதல் முறையாக அதன்மேல் எரிச்சல் வந்தது. தலையணையைத் தட்டாமல் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதுவும் அடங்கி, மூலையில் போய்ச் சின்னதாக இருமிக்கொண்டது. அதைக் கேட்க முடியாமல் அவளே எழுந்து போனாள்.

கடை விடுமுறையான ஒரு பிற்பகலில் போன் அடித்தது. "ஜன்னலைத் திற. எதிர்லதான் நிக்கிறேன். உள்ள யாரு இருக்காங்கன்னு பாத்துட்டுத்தான் போவேன்." சாலைக்கு அந்தப் பக்கம், பஸ் நிறுத்தத்தில், தோளில் ஒரு பையோடு கீச்சு நின்றாள். கண்ணாடி அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வராத! அங்கயே நில்லு!" என்று கத்தினாள். தெருவே திரும்பிப் பார்த்தது. மகளின் முகம் சுருங்குவது இவ்வளவு தூரத்துக்கும் தெரிந்தது. இனி மறைத்தால் ஒரேயடியாகப் போய்விடுவாள் என்று தெரிந்ததால், போனில் எல்லாவற்றையும் சொன்னாள். தலையணை, ஆவிப் பாத்திரம், டாக்டர், பஸ் எல்லாம். மகள் சிரிப்பாள் என்று பயந்தாள். மகள் சிரிக்கவில்லை.

"போனை அதுகிட்ட வை" என்றாள்.

கண்ணாடி அக்கா போனைத் தலையணைமேல் வைத்துவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள். உள்ளே இரண்டு குட்டை இருமல், ஒரு நெட்டை இருமல், கீச்சொலி. எதிரே மகள் ஒரு காதைக் கையால் பொத்தி, இன்னொரு காதில் போனை அழுத்திக்கொண்டு, தலை குனிந்து கேட்டாள். வெகுநேரம் கேட்டாள். அம்மா போனை எடுத்தபோது அவள் குரல் சின்னப் பிள்ளையுடையது போலிருந்தது.

"நான் இருமுறப்போ உனக்கு இப்படித்தான் கேக்குமாம்மா?"

"இது எவ்வளவோ தேவல. நீ மூணாவது படிக்கிறப்போ கேட்டிருக்கணும்."

"அப்ப நீ என்ன பண்ணுவ?"

"என்ன பண்றது? பக்கத்துல உட்கார்ந்திருப்பேன்."

மகள் பையைக் கீழே போட்டுவிட்டுச் சாலையில் ஒரு காலை வைத்தாள். அறைக்குள் இருமல், இந்த முறை அவள் வாசற்படி தாண்டும்வரை காத்திராமல், கட்டிலிலிருந்து குதித்து வாசலுக்கு ஓடியது. கீச்சு நெஞ்சைப் பிடித்தாள். "காலை எடு! மேல ஏறு!" என்று அம்மா அலறினாள். அவள் நடைபாதைமேல் ஏறியதும் மூச்சு வந்தது. இறங்கினால் போனது, ஏறினால் வந்தது. அந்தச் சாலையின் அகலம்தான் கணக்கு என்று இருவருக்கும் புரிந்தது. அப்போது ஒரு பஸ் வந்து நடுவில் நின்றது. அது ஆட்களை இறக்கி ஏற்றிக்கொண்டு நகரும்வரை கண்ணாடி அக்கா மூச்சு விடவில்லை. பஸ் போனது. மகள் பையின்மேல் உட்கார்ந்திருந்தாள். தேநீர்க் கடையில் ஒரு தம்ளர் வாங்கி வைத்துக்கொண்டு, "சரி, சொல்லு. குழாய் நிஜமாவே உடைஞ்சுதா?" என்று கேட்டாள். விளக்கு போடும் நேரம்வரை பேசினார்கள்.

அதிலிருந்து அப்படியே வழக்கமாகிவிட்டது. கண்ணாடி அக்கா அந்தச் சாலையின் அகலத்துக்கென்றே தனக்கு ஒரு ஜோடி லென்ஸ் தேய்த்துக்கொண்டாள். வேறெதற்கும் அது உதவாது. அதைப் போட்டுக்கொண்டால் தன் கையே தெரியாது, மகளின் இமை மயிர் தெரியும். மகளுக்குக் கல்யாணம் நடந்தபோது மாப்பிள்ளையைக் கொண்டுவந்து எதிரே நிறுத்திக் காட்டினாள். அவர் ஒருவர்தான் சாலையைத் தாண்டி வந்து மாமியார் கையால் காபி குடித்தார். இருமலுக்கும் ஒரு வணக்கம் போட்டார். அடுத்த வருடம் கீச்சு ஒரு கைக்குழந்தையைத் தூக்கிப் பிடித்தாள். கண்ணாடி அக்கா அதன் வாசனை எப்படியிருக்கும் என்று கேட்க நினைத்து, கேட்காமல், "இடது கண்ணுல பீளை கட்டியிருக்கு பாரு. வெந்நீர்ல பஞ்சை நனைச்சு மூக்குப் பக்கத்துலேந்து வெளியே துடை. அப்பவும் வந்தா டாக்டர்கிட்ட காட்டு" என்றாள். குழந்தையைத் தூக்கி வரச் சொல்லி மாப்பிள்ளையை அனுப்பலாம் என்று மகள் சொன்னபோது, அவள் அறைப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். இருமல் மிகவும் அமைதியாக, காதைத் தீட்டிக்கொண்டு கேட்பது போலிருந்தது. "வேண்டாம்டா. இங்கேருந்தே நல்லாத் தெரியுது" என்றாள்.

பஸ்காரர்கள் மகள் வரும் நாட்களில் அந்த நிறுத்தத்தில் நிற்காமல் நாலு கடை தள்ளி நின்றார்கள். பிறகு நகராட்சி நிறுத்தத்தையே அங்கே மாற்றிவிட்டது.

மகள் போகும் சாயங்காலங்களில் இருமலுக்குப் பிடிவாதம் அதிகமாகும். கண்ணாடி அக்கா ஜன்னலைச் சாத்தி, தூரத்துக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, காலிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, காற்றில் முதுகு இருக்கவேண்டிய இடத்தைத் தட்டிக்கொண்டிருப்பாள். அது மெல்ல மெல்ல அடங்கும். மாடிப்படியிலிருந்து வீட்டுக்காரம்மா குரல் கொடுப்பாள்.

"என்ன கண்ணாடி, தூங்கிடுச்சா?"

"இப்பத்தான்க்கா. மெதுவாப் பேசுங்க."